செய்தித்தாள் விற்ற சிறுவர்கள்

மாணவர்களே, ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வரலாற்றுக்குள் நுழைவோம். ஒரு சிறுவன் 60 சென்ட் கொடுத்து 100 செய்தித்தாள்கள் வாங்குகிறான். தாள் ஒன்றை ஒரு சென்ட்டுக்கு விற்கிறான். நூறும் விற்றுப்போனால் 40 சென்ட் இலாபம். எழுபது மட்டும் விற்றால் 10 சென்ட். ஐம்பதே விற்றால், தொண்டை வறளக் கூவித் திரிந்ததன் பயனாகக் கைம்முதலில் 10 சென்ட் குறைந்திருக்கும். விற்காத தாளை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளாது. 1899ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத் தெருக்களில் சிறுவர்கள் நடத்திய வணிகம் இத்தகையதே. அவர்கள் எவருக்கும் கூலியாள் அல்லர். மிகச் சிறிய சில்லறை வணிகர்கள்.

இவ்வணிகம் 1833ஆம் ஆண்டு செப்டம்பரில் தோன்றியது. பிற நாளிதழ்கள் 6 சென்ட் விலைக்குச் சந்தாதாரர்களுக்கு விற்றுவந்த காலத்தில், பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்னும் இதழை ஒரு சென்ட் விலையில் வெளியிட்டார். அதைத் தெருவில் கூவி விற்க ஆட்கள் தேவை என்று விளம்பரமும் செய்தார். அவர் எதிர்பார்த்தது வளர்ந்த ஆண்களை. வந்து நின்றவனோ பத்து வயதுச் சிறுவன், பெர்னார்ட் பிளாகர்ட்டி. ரொக்கம் கொடுப்போருக்கு நூறு தாள் 67 சென்ட் என்பது அக்காலத்து விலை.

அடுத்த இருபது ஆண்டுகளில் அயர்லாந்தின் பஞ்சத்துக்கும் ஐரோப்பாவின் வறுமைக்கும் தப்பிய குடும்பங்கள் அந்நகரில் வந்து குவிந்தன. பெற்றோரை இழந்தவரும், வீட்டிலிருந்து விரட்டப்பட்டவருமாகப் பல சிறுவர்கள் தெருவுக்கு வந்தனர். நகரக் காவல்துறைத் தலைவர் 1849இல் அளித்த அறிக்கை, அலைந்து திரியும் பிள்ளைகளின் தொகையை ஏறத்தாழ 3,000 எனக் கணக்கிட்டது. சிறைக்கும் தெருவுக்கும் இடையே நின்ற இச்சிறுவர்களுக்குச் செய்தித்தாள் விற்பனை ஒரு பிழைப்பாயிற்று. இரவில் அவர்கள் அச்சகப் படிகளிலும், நீராவி வெப்பம் வெளிவரும் இரும்புச் சட்டங்களின்மேலும் படுத்துறங்கினர்.

சார்லஸ் லோரிங் பிரேஸ் என்னும் இளம் சமயப் பணியாளர் 1853இல் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு மார்ச்சில், அதே 'சன்' இதழின் கட்டடத்து மேல்மாடியில், செய்தித்தாள் விற்கும் சிறுவர்களுக்கென ஒரு தங்கும் விடுதியைத் திறந்தார். படுக்கைக்கு 6 சென்ட், இரவு உணவுக்கு 4 சென்ட் என்று கட்டணமும் விதித்தார். ஏழைச் சிறுவனிடம் காசு வாங்குவதா என்று நீங்கள் கேட்கக்கூடும். காசு கொடுத்துப் படுப்பவன் விருந்தினன். இலவசமாகப் படுப்பவன் இரவலன். தன்னை வணிகனாக எண்ணிப் பெருமை கொள்ளும் சிறுவனிடம் அப்பெருமையைப் பறிக்கலாகாது என்பது பிரேசின் கருத்து. அது சரியான கருத்து என்றே நான் எண்ணுகிறேன்.

விடுதியின் முதற் கண்காணிப்பாளர் டிரேசி, தொழிலால் தச்சர். அவர் ஒரு மேசையின் மேற்பலகையில் எண்ணிட்ட துளைகள் பலவற்றை அமைத்தார். ஒவ்வொரு துளையும் ஒரு சிறுவனின் சேமிப்புப் பெட்டி. அந்த மேசையை எத்தனை நாள் பூட்டி வைப்பது என்பதைச் சிறுவர்களே வாக்களித்து முடிவு செய்தனர். அதுவரை சூதிலும் நாடகக் கொட்டகையிலும் கரைந்துவந்த காசு, பெட்டி திறந்த நாளன்று அவர்களுக்கே வியப்பளிக்கும் அளவுக்குச் சேர்ந்திருந்தது. வாங்கி விற்க முதலில்லாதவனுக்குச் சிறு தொகையைக் கடனாகக் கொடுக்கும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது.

இரவுப் பள்ளியைத் தொடங்கிய விதம் இன்னும் சுவையானது. அலுவலகம் ஒன்றில் வாரம் 3 டாலர் ஊதியத்துக்கு ஒரு சிறுவன் வேண்டுமாம் என்று டிரேசி ஒரு நாள் செய்தி சொன்னார். எல்லோரும் ஆவலோடு எழுந்தனர். அவன் நல்ல கையெழுத்து உடையவனாக இருக்க வேண்டுமாம் என்று அடுத்துச் சொன்னார். அவை அடங்கிற்று. அப்படியானால் எழுதக் கற்போமா என்று கேட்டார், அனைவரும் இசைந்தனர். கற்கும் விழைவை எழுப்புவது எப்படி என்பதை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் தடித்த நூல்களில் படித்தோம். இந்தத் தச்சர் எந்தக் கல்லூரியிலும் அதைப் படித்தவர் அல்லர்!

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். சேமிப்பு, எழுத்தறிவு, தூய உடை, நேரந்தவறாமை ஆகியவற்றையெல்லாம் விடுதி கற்பித்தது. நூறு தாளின் விலையை யார் வரையறுப்பது, விற்காத தாளின் நட்டம் யாரைச் சேர்வது என்ற கேள்விகளை அது தொடவில்லை. சிறுவனைத் திருத்தினால் போதும், வணிகம் தானே ஒழுங்குபடும் என்று அதன் நடத்துநர்கள் நம்பினர் போலும். பிரேசுக்கே நகரத் தெருவின்மேல் நம்பிக்கை குறைவு. 1854 முதல் பிள்ளைகளை இரயிலேற்றி மேற்குப் பகுதிப் பண்ணைகளுக்கு அனுப்பிவந்தார். அதன் நன்மை தீமைகள் தனியே பேசத்தக்கவை.

பிரேஸ் 1890இல் மறைந்தார். அவர் விட்ட கேள்வியைச் சிறுவர்களே எழுப்பினர். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது செய்தித்தாள் மிகுதியாக விற்றது. அப்பொழுது நிறுவனங்கள் நூறு தாளின் விலையை 50 சென்ட்டிலிருந்து 60 ஆக உயர்த்தின. போர் முடிந்து விற்பனை சரிந்ததும் மற்றவை விலையைக் குறைத்தன. புலிட்சரின் 'வேர்ல்டு', ஹர்ஸ்ட்டின் 'ஜர்னல்' ஆகிய இரண்டும் குறைக்கவில்லை. 1899 ஜூலை 20ஆம் நாள் மன்ஹாட்டன் சிறுவர்கள் அவ்விரு தாள்களையும் விற்க மறுத்தனர். வேலைநிறுத்தம் புரூக்ளினுக்கும் அண்டை ஊர்களுக்கும் பரவியது. ஜூலை 24ஆம் நாள் இர்விங் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூட, இடம் போதாமல் பெருங்கூட்டம் வெளியே நின்றது. விற்பவர்களையும் வண்டிகளையும் சில சிறுவர்கள் தாக்கியதும் உண்டு. அதை மறைப்பது வரலாறாகாது.

இரண்டு வாரங்களில் உடன்பாடு ஏற்பட்டது. விலை 60 சென்ட்டாகவே நின்றது. ஆனால் விற்காத தாள்களை நிறுவனங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள இசைந்தன. முதலில் போட்ட கணக்கை இப்பொழுது மீண்டும் போட்டுப் பாருங்கள்: எழுபது விற்றவனுக்கு 10 சென்ட் அன்று, 28 சென்ட் கிடைக்கும், ஐம்பது விற்றவனுக்கும் 20 சென்ட் மிஞ்சும். விலையைக் குறைத்திருந்தால்கூட இவ்வளவு வந்திராது.

சட்டம் மெதுவாகவே வந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் தெருவில் செய்தித்தாள் விற்கலாகாது, பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் அடையாள வில்லை அணிய வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1903இல் விதித்தது. செய்தித்தாள் விற்பவர் வணிகரா, தொழிலாளியா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது 1944இல்தான். அது லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விற்ற வளர்ந்தவர்களைப் பற்றியது. தொழிலாளரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1947இல், சொந்தப் பொறுப்பில் தொழில் செய்வோர் தொழிலாளர் ஆகார் என்று அந்நாட்டுப் பேரவை அச்சட்டத்தையே திருத்திவிட்டது.