ஒரு பெட்டியில் இரண்டு முகங்கள்

"பழைய போட்டோ ஒண்ணும் கட்டுரை ஒண்ணும் உடனே அனுப்பு" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டதும், தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். வாப்பாவின் பாஸ்போர்ட் படம் ஒன்று கிடைத்தது. உம்மாவுக்கு, ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த படம் மட்டுமே. வாப்பா படத்தில் இப்போதும் நம்மோடு பேசுகிறார். உம்மா படத்தில் உம்மாவைக் காணோம். பயந்துபோன யாரோ ஒரு பெண்மணி இருக்கிறாள். ஏன் இந்த வித்தியாசம்? கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

1839-இல் பாரிஸில் டாகேரின் முறை வெளியானபோது, ஒரு படம் பதியப் பல நிமிஷம் ஆயிற்று. பிறகு நேரம் குறைந்தாலும், தலை ஆடாதிருக்கப் பிடரியில் இரும்புக் கவ்வி வைத்தார்கள். அந்தக் காலத்து முகங்கள் விறைத்து நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைக்க யாரால் முடியும்?

நம் பக்கம் அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். திருவனந்தபுரத்தில் சகரியாஸ் டி குரூஸ் என்பவர் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்தார். அதே சமஸ்தானத்து ரவிவர்மா (1848–1906) தூரிகையால் முகங்களைத் தீட்டிப் பேர் வாங்கினார். அரண்மனைக்கும் அதிகாரிக்கும் முகம் பதிந்தது. நம்ம ஊர் வலைக்காரருக்கும் கயிறு திரிக்கிற பெண்ணுக்கும் அந்தப் பாக்கியம் ஏது?

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஒரு அதிசயம். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் நாற்பத்தெட்டாவது வயதில் கேமரா பிடித்து, இங்கிலாந்தின் கவிஞர்களையும் அறிஞர்களையும் படம் எடுத்தவர். 1875-இல் இலங்கைக்குக் குடிவந்து, களுத்துறைப் பக்கத்துச் சாதாரண ஜனங்களையும் எடுத்தார். கிட்டே போய், ஒரு பக்கத்து வெளிச்சத்தில், முகத்தையே பார்ப்பது அவர் வழி. 1879-இல் அங்கேயே மறைந்தார்.

தமிழுக்கு வந்தால் பாரதியார். அவருடைய படங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. புதுச்சேரியில் செல்லம்மாளோடும் குடும்பத்தாரோடும் எடுத்தவை; 1919 நவம்பரில் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனபோது எடுத்தவை; கடைசியாகச் சென்னையில். 1921-இல் ஆள் போய்விட்டார். ரா.அ. பத்மநாபன் போன்றவர்கள் தேடிச் சேர்த்து, 1957-இல் 'சித்திர பாரதி' வந்ததால் அந்த முகங்கள் நமக்கு ஒழுங்காகக் கிடைத்தன. குரலோ பதிவாகவே இல்லை. அந்தச் சில தகடுகளும் உடைந்திருந்தால் முண்டாசுக்கும் மீசைக்கும் நடுவே இருந்த கண்களை நாம் அறிந்திருப்போமா?

சரி, வாப்பா படத்துக்கு வருவோம். அந்த ஸ்டூடியோக்காரர் செய்ததை வாப்பாவே சொல்லுவார்: "ஜன்னல் பக்கம் இருத்தினான். சாயா தந்தான். சாளை என்ன வெலைன்னு கேட்டான். நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே, 'கழிஞ்சு காக்கா, எழும்புங்க'ன்னான்." அவ்வளவுதான் வித்தை! பக்கவாட்டு வெளிச்சம் கன்னத்துக்கும் மூக்குக்கும் நிழல் கொடுத்தது. பேச்சு பயத்தைப் போக்கியது. உம்மாவுக்கோ நீண்ட வரிசை, நேர் முகத்தில் பளிச்சென்று ஒரு ஃபிளாஷ், "அடுத்த ஆள்!" என்று ஒரு சத்தம். முக்காட்டைச் சரிசெய்யக்கூட நேரமில்லை. இன்று உம்மா இல்லை. பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டி "இதுவா உங்க உம்மா?" என்று கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை.

இப்போது எல்லார் பையிலும் கேமரா உள்ள போன். ஆயிரம் எடுக்கிறோம், அச்சுப் போட்டு வைப்பது எத்தனை?

ஆகவே நண்பர்களே, ஒன்றுகூடலுக்கு வரும்போது உங்கள் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டு வாருங்கள். பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். நமக்குப் பாடம் சொன்ன வாத்தியார்களையும், மணியடித்த அண்ணாச்சியையும், கேன்டீன் அக்காவையும் வராந்தா வெளிச்சத்தில் இருத்தி, முதலில் நாலு வார்த்தை பேசி, பிறகு ஆளுக்கொரு நல்ல படம் எடுப்போம். வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவையும் எடுங்கள். நான் தாமதித்துவிட்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.