கொழுத்த மருத்துவரும் மெலிந்த மண்ணும்

மத்தியதரைக் கடலோரத் தோட்டங்களைப் பற்றி எழுதுவோரில் பலர் யூஃபோர்பியா என்னும் பாற்செடிக்கு வந்ததும் ஒரு கதையை எடுத்துவிடுகிறார்கள். கிரேக்கத்தில் ‘யூ’ என்றால் நல்ல, ‘ஃபோர்பே’ என்றால் தீனி. ஆகவே யூஃபோர்பஸ் என்றால் நன்றாகத் தின்று கொழுத்தவன். யூபா மன்னன் அப்பெயர் கொண்ட தன் தொந்தி மருத்துவரையும் தண்டு பருத்த செடியையும் ஒன்றாக்கிக் கேலி செய்தானாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. பெயர்க்காரணத்தில் சுவை மிகுந்தால் அதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரோம அறிஞர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ 25ஆம் நூலில் சொல்வது இவ்வளவே: அட்லஸ் மலையில் கண்ட செடிக்கு யூபா தன் மருத்துவர் யூஃபோர்பஸின் பெயரை இட்டான், அவர் அகஸ்டஸைக் காத்த மூசாவின் உடன்பிறந்தவர். தொந்தியும் இல்லை, கேலியும் இல்லை. கி.மு. 23இல் சாகக் கிடந்த அகஸ்டஸைக் குளிர்நீர் மருத்துவத்தால் மீட்ட மூசாவுக்கு ரோமில் சிலை எழுந்தது. மௌரித்தேனியாவின் அரியணையை அகஸ்டஸின் தயவால் பெற்றவன் யூபா. அங்கே ஒருவருக்குச் சிலை என்றால் இங்கே அவர் உடன்பிறந்தாருக்குச் செடி. இது அரசியல் மரியாதை என்று கொள்வதே பொருத்தம்.

யூஃபோர்பஸ் அன்றைக்கே பழைய பெயர். இலியத்தில் பட்ரோக்ளஸ்மேல் ஈட்டி பாய்ச்சிய முதல் மனிதன் யூஃபோர்பஸ்தான். முற்பிறவியில் அவனே நான் என்று பித்தகோரஸ் சொல்லிக்கொண்டதாகவும் மரபு உண்டு. அந்த டிராய் வீரனுக்கும் தொந்தி வைப்பார்களா? பொன்னுசாமி என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால் அவர் வீட்டில் பொன் குவிந்திருந்தது என்று வரலாறு எழுதுவதில்லையே. ‘நல்ல தீனி’ என்பதைச் செடிமேல் ஏற்றுவோர் கட்சி இன்னும் பலவீனமானது. கிரீஸின் மொட்டைக் குன்றுகளில் ஆடு எல்லாவற்றையும் கரம்பிய பிறகும் மிஞ்சி நிற்பவற்றில் இந்தச் செடி ஒன்று. ஆடே தொடாததை நல்ல மேய்ச்சல் என்பது எப்படி?

ஆடு தொடாததற்குக் காரணம் பால். அட்லஸ் மலையில் அதை எடுத்த விதத்தைப் பிளினியும் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடீஸும் சொல்கிறார்கள். செடியின் அடியில் ஆட்டு இரைப்பையைக் கலமாக வைத்துவிட்டு, எட்ட நின்று நீண்ட கழியால் தண்டைக் குத்துவார்கள். பால் பீறிட்டு அந்தப் பையில் இறங்கும். கிட்டப் போனால் கண்ணும் தோலும் வெந்துபோகும். இன்றும் தோட்டக்காரர் கையுறை போட்டுத்தான் இதைக் கவாத்து செய்கிறார். ‘ஸ்பர்ஜ்’ என்னும் ஆங்கிலப் பெயரும் இந்தப் பாலின் பேதிக் குணத்தால் பிரெஞ்சு வழி வந்ததே.

டயஸ்கோரிடீஸ் ஏழு வகைப் பாற்செடிகளைச் சொல்லி, முதல்வகைக்குக் ‘கராக்கியாஸ்’ என்று பெயர் தருகிறார். ‘கராக்ஸ்’ என்றால் ஊன்றுகழி; திராட்சைக்கொடிக்கு நடுவதும் அதுவே. பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை; செடியைப் பார்த்தால் போதும். இன்றைய யூஃபோர்பியா கராக்கியாஸின் தண்டு முதல் ஆண்டு நீலச்சாம்பல் இலையோடு நேராக நிமிரும். மறு ஆண்டு குளிர் முடியும்போது உச்சியில் மஞ்சட்பச்சைக் கொத்து. கிட்டே பார்த்தால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் கரும்பழுப்புத் தேன்சுரப்பிகள். கோடை தொடங்கக் காய் வெடித்து விதை தெறிக்கும். இதன் இனமான கள்ளியின் காய் வெடிக்கும் ஓசையில் புறாச்சோடி வெருள்வதைக் குறுந்தொகை 174 பாடியிருப்பது இங்கே நினைவுக்கு வர வேண்டும். காய் வெடித்த தண்டை அடியோடு வெட்டிவிட்டால் ஆண்டின் வேலை முடிந்தது. பக்கத்தில் அடுத்த தண்டு நிற்கிறது.

கொழுத்த பெயரை நம்பி இதற்கு எருவும் கோடைத் தண்ணீரும் கொடுப்பவர்கள், கதகதப்பான ஈரத்தில் வேர் அழுகியபின் நாற்றுப்பண்ணையைக் குறை சொல்வார்கள். கல்லும் சரளையும் கலந்த, நீர் தங்காத மெலிந்த மண்ணே இதற்கு ஏற்றது. இலையுதிர்கால முதல்மழையோடு நட்டு, முதல் கோடையில் மட்டும் பாத்தி நிறைய, இடைவெளி விட்டு ஊற்றினால் போதும். ஆளுயரம் வளரும் யூஃபோர்பியா டென்ட்ராய்டஸ் இன்னும் சாமர்த்தியசாலி. கோடை வந்ததும் இலையைச் சிவக்கவிட்டு உதிர்த்துத் தூங்கும். மழை வந்ததும் துளிர்க்கும். ‘காய்ந்துவிட்டது’ என்று பிடுங்கி எறிபவர்களை என்ன செய்வது?

1753இல் லின்னேயஸ் இந்தப் பாற்செடிகளையெல்லாம் யூஃபோர்பியா என்னும் பேரினத்தில் அடக்கியபோது, டச்சு ஆளுநர் ரீடின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ வழியாக மலையாளக் கரையின் பெயர் ஒன்றும் உடன் ஏறியது: யூஃபோர்பியா திருக்கள்ளி. இதில் ‘திரு’வைக் கண்டு புனிதச் செடி என்பாரும் உளர். புனிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. தமிழில் அது திருகுகள்ளி. கொம்புகள் திருகித் திருகிக் கிளைப்பதால் வந்த பெயர்.

இனிக் கள்ளி. பார்வையைக் களவாடுவதால் கள்ளி, கள்ளனுக்குப் பெண்பால் என்பது ஒரு கட்சி. கள்வரும் கள்ளியங்காடும் ஒருங்கே வரும் குறுந்தொகை 16ஐ அதற்குச் சான்று காட்டுவார்கள். அங்கே கள்வர் வருவது பாலைத்திணைக்கு உரியவர்கள் என்பதால். செடியின் பெயருக்கு உரை சொல்ல வரவில்லை. களவு பழிச்சொல், சுரத்தில் நிழலும் வேலியுமாக நின்ற செடியை ஊரார் ஏன் பழித்து அழைக்க வேண்டும்? பெயர் ‘கள்’ளிலிருந்து வந்தது என்பதே என் கட்சி. ‘கள்’ போதைதரும் பானம் மட்டும்தானே என்று மறுப்போர் ‘கள்ளவிழ்’ மலர்களை மறந்துவிடுகிறார்கள். அங்கே கள் பூவின் தேன். பாளையைச் சீவினால் வடிவது கள், மலர் அவிழ்ந்தால் கசிவது கள், தண்டைக் கீறினால் ஒழுகுவதும் கள்ளே. கன்னடமும் மலையாளமும் நம்மைப் போலவே இதைக் கள்ளி என்கின்றன. அகராதிக்காரர்கள் தயங்கலாம், நான் தயங்கவில்லை. கள்ளை உடையது கள்ளி. இதற்கு மேலும் சான்று கேட்பவர், கண்ணைத் தொடாமல், ஒரு தண்டை ஒடித்துப் பார்க்கட்டும்.