கற்பித்தலை மாற்றுவதற்காக அழைக்கப்பட்ட நொபேல் பரிசாளர்

பெயர்பெற்ற விஞ்ஞானி ஒருவரைத் தங்கள் பக்கம் இழுக்க விரும்பும் பல்கலைக்கழகம் என்ன செய்யும்? ஆய்வுகூடம் கட்டித் தரும். உதவியாளர்களைத் தரும். விரிவுரை நேரத்தையும் குறைத்துக் கொடுக்கும். கற்பிக்கும் வேலையிலிருந்து விடுவிப்பதுதான் பெரிய பேராசிரியருக்குச் செய்யும் மரியாதை என்றாகிவிட்டது. ஆசிரியர்களாகிய நமக்கு இது கொஞ்சம் கசப்பான விஷயம்தான்.

2006இல் கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறாக நடந்தது. நொபேல் பரிசு பெற்ற பௌதிகவியல் பேராசிரியர் கார்ல் வைமனை, விஞ்ஞானம் கற்பிக்கும் முறையையே மாற்றித் தரும்படி கேட்டு அழைத்தது. ஐந்து வருடங்களுக்கு 12 மில்லியன் கனேடிய டொலர் ஒதுக்குவதாகவும் சொன்னது.

வைமன் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் காட்டுப்புறத்தில் வளர்ந்தவர். தகப்பன் மர ஆலைத் தொழிலாளி. 1995இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எரிக் கோர்னலுடன் சேர்ந்து ருபீடியம் அணுக்களைத் தனிப்பூச்சிய வெப்பநிலையை நெருங்கும் அளவுக்குக் குளிர்வித்து, சத்தியேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டீனும் 70 வருடங்களுக்கு முன் கணக்கில் மட்டும் கண்ட ஒரு சடநிலையை உருவாக்கிக் காட்டினார். 2001ஆம் ஆண்டின் நொபேல் பரிசு அதற்குத்தான்.

ஆனால் அவருடைய மனதை நீண்ட காலமாக வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. பரீட்சைகளில் மிகச் சிறந்த பெறுபேறு பெற்று வரும் பட்டப்பின் மாணவர்கள், ஆய்வுகூடத்துக்குள் வந்ததும் திகைத்து நிற்கிறார்கள். அதே பிள்ளைகள் சில வருடங்கள் அங்கே வேலை செய்ததும் உண்மையான பௌதிகவியலாளர்களாகிவிடுகிறார்கள். அப்படியானால் பதினேழு வருடப் படிப்பு என்ன செய்தது?

ஒருமுறை விரிவுரையில் வயலினைக் கையில் எடுத்து, நமக்குக் கேட்கும் ஒலி தந்தியிலிருந்து நேரடியாக வருவதில்லை, பின்பக்கப் பலகையே அதை எழுப்புகிறது என்று விளக்கினார். பதினைந்து நிமிடம் கழித்து அதையே கேள்வியாகக் கேட்டார். சரியாகப் பதில் சொன்னவர்கள் பத்து சதவீதம் மட்டும். நாம் எல்லோரும் கரும்பலகைக்கு முன் நின்று “விளங்கியதா?” என்று கேட்டு, “ஓம் சேர்” என்ற பதிலை நம்பி அடுத்த அலகுக்குப் போகிறவர்கள். வைமன் நம்பவில்லை, அளந்து பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

2007 ஜனவரியில் வான்கூவர் போனார். கொலராடோவை முற்றாக விடவுமில்லை. அங்கும் இதே போன்ற ஒரு திட்டம், 5 மில்லியன் டொலர் செலவில், அவருடைய வழிகாட்டலில் நடந்தது.

பணத்தை அவர் செலவழித்த விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு கட்டடம் கட்டி, பெயர்ப்பலகை தொங்கவிட்டு, வருடத்துக்கு இரண்டு செயலமர்வு நடத்தவில்லை. பணம் துறைகளுக்கே போனது. அதுவும் சும்மா போகவில்லை, ஒவ்வொரு துறையும் திட்டம் எழுதிப் போட்டியிட்டுத்தான் பெற வேண்டும். மாணவர் எதைச் செய்யக் கற்றிருக்க வேண்டும், உண்மையில் எதைக் கற்கிறார்கள், எந்தக் கற்பித்தல் முறை அதை மேம்படுத்தும் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு பாடநெறிக்கும் கேட்க வைத்தார். அந்தந்தப் பாடத்திலேயே கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞர்களைக் கற்பித்தலிலும் பயிற்றுவித்து, துறைக்குள்ளேயே விரிவுரையாளரின் பக்கத்தில் அமர்த்தினார். இரசாயனவியல் பேராசிரியருக்கு, இரசாயனவியல் தெரியாத ஒருவர் புத்தி சொல்ல வந்தால் எடுபடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2011இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு பரிசோதனை வெளியானது. முதலாம் வருடப் பௌதிகவியலில் சுமார் 270 பேர் கொண்ட இரண்டு வகுப்புகள். ஒன்றில், மாணவர் விரும்பும் அனுபவமுள்ள பேராசிரியர் வழமைபோல விரிவுரை செய்தார். மற்றதில் அனுபவம் குறைந்த இளைஞர் இருவர், விரிவுரையை விட்டு, பிள்ளைகளைக் குழுக்களாகச் சிந்திக்கவும் விவாதிக்கவும் விட்டு, உடனுக்குடன் திருத்தம் சொன்னார்கள். ஒரே வாரம். பிறகு நடந்த சோதனையில் விரிவுரை வகுப்பின் சராசரி 41 சதவீதம், மற்றதன் சராசரி 74. வரவும் 57 சதவீதத்திலிருந்து 75க்கு ஏறியது. ஒரு வாரப் பரிசோதனை போதுமா, கற்பித்தவர்களே ஆய்வையும் எழுதலாமா என்ற விமர்சனங்களும் எழுந்தன. அவை நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் 33 புள்ளி இடைவெளி சிறியதல்ல.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைக்குத்தானே கிடைக்கிறது, நன்றாகக் கற்பிப்பதற்கு இல்லையே என்ற சுவரில் அவர் திரும்பத் திரும்ப முட்டினார். 2017இல் எழுதிய புத்தகத்தில் அதையே முக்கிய தடையாகச் சொல்கிறார். 2010இலேயே அமெரிக்க ஜனாதிபதியின் விஞ்ஞான அலுவலகத்துக்குப் போய்விட்டார், பிறகு 2013இல் ஸ்டான்ஃபோர்ட். அவர் போன பிறகும் வான்கூவரில் அந்த வேலை தொடர்ந்தது. துறைகளுக்குள் ஆட்களை வைத்ததன் பயன் அது.

நமது ஊர்ப் பிள்ளைகள் மண்டபம் நிறைந்த டியூசன் வகுப்பில் குறிப்பெடுத்து, ஏ.எல். எழுதி, கம்பஸ் போய், அங்கும் குறிப்பெடுக்கிறார்கள். இதைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசினால், “பெறுபேறு வருகுதுதானே சேர்” என்கிறார்கள். வருகிறதுதான். வைமனிடம் வந்த மாணவர்களுக்கும் வந்திருந்தது.

நொபேல் பரிசுப் பணத்தின் ஒரு பகுதியையும் போட்டு 2002இல் அவர் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற கணினிப் பரிசோதனைகள் இன்றும் இலவசம். சில தமிழிலும் உண்டு. மின்சுற்று, ஊசல், வாயு விதிகள் எல்லாம் அதில் செய்து பார்க்கலாம். ஆய்வுகூடச் சாமான் இல்லாத பாடசாலைகளில் ஒரு மடிக்கணினி போதும். பிள்ளைகளிடம் முதலில் விடையைச் சொல்லாமல், என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டுத் திறந்து காட்டுங்கள்.