அகழ்பொறி வாளிப் பொருத்தம்

அகழ்பொறி வாளிப் பொருத்தம் என்பது ஒரு ஹைட்ராலிக் அகழ்பொறியில் வேறொரு பொறியின் வாளியையோ புதிதாக வாங்கும் வாளியையோ மாட்ட இயலுமா என்பதை அளவுகளை ஒப்பிட்டு முடிவு செய்தல் ஆகும். அகழ்பொறியின் தோண்டும் உறுப்பான வாளி, பொறியுடன் நிலையாகப் பற்றவைக்கப்படுவதில்லை. அது இரண்டு எஃகு பின்களால் கோக்கப்பட்டிருக்கும். ஆகவே கழற்றி மாற்றத்தக்கது. எனினும் பின்களால் நேரடியாக மாட்டப்படும் வாளிகளுக்கு எல்லா உற்பத்தியாளர்களும் பின்பற்றும் பொதுவான அளவுத் தரம் எதுவும் இல்லை. பின்னின் விட்டம், ஆர்மின் அகலம், இரு பின்களின் மையத் தொலைவு ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் வாளி பொறியில் ஏறும். ஏறிய வாளி பாதுகாப்பாக உழைக்குமா என்பது வேறு கேள்வி. அது வாளியின் எடை, கொள்ளளவு, நுனி ஆரம் ஆகியவற்றைப் பொறுத்தது.

பெயரும் வகுப்பும்

தமிழ்நாட்டில் இப்பொறிகள் பொக்லைன், ஹிட்டாச்சி, ஜேசிபி என நிறுவனப் பெயர்களாலேயே வழங்கப்படுகின்றன. பொக்லைன் என்னும் சொல் பிரான்சு நாட்டின் பொக்லெய்ன் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்நிறுவனத்தின் பொறி ஒன்றுகூட இல்லாத பணித்தளத்திலும் இப்பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே "பொக்லைன் பக்கெட்" என்று கேட்பது அளவைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை.

"இருபது டன் பொறிக்கான வாளி" என்பதும் ஓரளவே பயனுள்ள குறிப்பு. டன் வகுப்பு பொறியின் இயக்க எடையைக் குறிக்கிறதேயன்றி இணைப்பின் அளவைக் குறிப்பதில்லை. 20 டன் வகுப்புப் பொறிகள் பலவற்றில் 80 மி.மீ. பின் காணப்படுவது உண்மையே. ஆயினும் ஒரே பின் விட்டமுடைய இரண்டு நிறுவனப் பொறிகளின் ஆர்ம் அகலமும் மையத் தொலைவும் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை வேறுபடக்கூடும். சிறிய பொறிகளிலும் இவ்வாறே. 45 மி.மீ. பின், 5 முதல் 6 டன் வரையிலான சிற்றகழ்பொறிகள் பலவற்றிலும் உண்டு. ஜேசிபி 3சிஎக்ஸ் போன்ற பின்தோண்டி ஏற்றிகளிலும் உண்டு. இதனால் ஒன்றின் வாளி மற்றொன்றுக்குப் பொருந்திவிடும் என்று கொள்வது தவறு.

ஒரே மாதிரிப் பொறிக்குள்ளேயே வேறுபாடு வருவதும் உண்டு. கேட்டர்பில்லர் நிறுவனம் தன் இணைப்புகளை பி, சிபி, டிபி முதலிய எழுத்துகளால் குடும்பங்களாகப் பிரிக்கிறது. எட்டம் தேவைப்படும் பணிக்கான நீண்ட ஆர்மும், பெரும் அளவில் மண் அள்ளுவதற்கான குறுகிய ஆர்மும் ஒரே மாதிரியில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தனவாக இருக்கலாம். பொறியின் மாதிரி எண்ணை மட்டும் வைத்து வாளி வாங்குவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தவறுகின்றனர். பழைய பொறி வாங்கும்போது, முன்னிருந்த உரிமையாளர் ஆர்மை மாற்றியிருப்பதற்கான வாய்ப்பையும் கருத வேண்டும்.

இணைப்பின் அமைப்பு

அகழ்பொறியின் பூமும் அதன் முனையில் ஆர்மும் அமைந்துள்ளன. வாளியின் மேற்புறத்தில் இரண்டு தடித்த எஃகுத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும். இவை காதுகள் எனப்படும். ஒவ்வொரு காதிலும் இரண்டு துளைகள் உண்டு. ஒரு துளைச் சோடியின் வழியே செல்லும் பின் வாளியை ஆர்மின் முனையுடன் இணைக்கிறது. வாளி சுழல்வது இதைச் சுற்றியே. மற்றொரு துளைச் சோடியின் வழியே செல்லும் பின் வாளியை லிங்க்குடன் இணைக்கிறது. வாளி சிலிண்டர் நீளும்போது லிங்க் தள்ளப்பட்டு வாளி உட்புறமாகச் சுருள்கிறது.

பொறியியல் நோக்கில் இது ஒரு நான்கு சட்ட இயங்கமைப்பு ஆகும். ஆர்மின் முனைப்பகுதி, நெம்புகோல், லிங்க் ஆகியன மூன்று சட்டங்கள். நான்காவது சட்டம் வாளியே. அதன் நீளம் இரு பின் துளைகளின் மையத் தொலைவு. எனவே வாளியை மாற்றுவது என்பது இயங்கமைப்பின் ஒரு சட்டத்தையே மாற்றுவதாகும். மையத் தொலைவை "ஏறுகிறதா, ஏறவில்லையா" என்ற அளவில் மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அளக்கும் முறை

பின்னின் விட்டத்தை வெர்னியர் கொண்டு அளக்க வேண்டும். பின் தேய்வது நடுப்பகுதியில் புஷ் உரசும் இடத்தில். ஆகவே தேயாத முனைப்பகுதியில் அளத்தல் வேண்டும். பழைய வாளியின் துளைகள் சுமை விழும் திசையில் முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கும். இத்துளையை ஒரு திசையில் மட்டும் அளந்தால் 80 மி.மீ. துளை 83 மி.மீ. எனத் தோன்றலாம். குறைந்தது இரண்டு திசைகளில் அளந்து, சிறிய அளவை மூல அளவுக்கு அண்மையானதாகக் கொள்வது வழக்கம். அங்குல அளவில் செய்யப்பட்ட வாளிகளும் குழப்பம் விளைவிக்கும். ஒன்றரை அங்குலம் 38.1 மி.மீ. ஆகும், 38 மி.மீ. துளைக்குள் அப்பின் தாராளமாக நுழையாது.

இரண்டாவது அளவு ஆர்மின் முனை அகலம். இதற்கு ஈடாக வாளியில் அளக்க வேண்டியது காதுகளின் உட்பக்கங்களுக்கு இடையிலான இடைவெளி. சில வாளிகளில் காதுகளின் உட்புறம் தடிப்பு வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்போது வளையத்திலிருந்து வளையத்துக்கு அளக்க வேண்டும். லிங்க்கின் முனை அகலம் ஆர்மின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே அதைத் தனியே அளத்தல் தேவை. காது இடைவெளி ஆர்மைவிடச் சிறிது கூடுதலாக இருக்க வேண்டும். மிகுதியான இடைவெளியை இருபுறமும் ஷிம் வளையங்கள் இட்டு நிரப்பலாம். நிரப்பாமல் விட்டால் வாளி பக்கவாட்டில் ஆடி, ஆர்மின் முகப்பும் காதும் விரைவில் தேயும். இடைவெளி குறைவாக இருந்தாலோ செய்வதற்கு ஒன்றுமில்லை. அவ்வாளி அப்பொறிக்கு உரியதன்று.

மையத் தொலைவே அளப்பதற்குக் கடினமானது. துளையின் மையத்தைக் கண்ணால் குறிக்க முடியாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முதல் துளையின் இடது விளிம்பிலிருந்து இரண்டாம் துளையின் இடது விளிம்பு வரை ஒரு முறையும், வலது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை மறு முறையும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் அதுவே மையத் தொலைவு. துளைகள் வெவ்வேறு விட்டமுடையனவாக இருந்தாலும் வட்டமாக இருக்கும் வரை இது சரியாக வரும். பொறியில் மாட்டப்பட்டிருக்கும் பின்களாயின், அவற்றின் உள் விளிம்புகளுக்கு இடையிலான தொலைவுடன் இரு பின்களின் ஆரங்களையும் கூட்டலாம். எடுத்துக்காட்டாக, உள் விளிம்புத் தொலைவு 375 மி.மீ., இரு பின்களும் 80 மி.மீ. எனில், மையத் தொலைவு 375 + 40 + 40 = 455 மி.மீ. ஆகும்.

மையத் தொலைவு மாறினால்

மூல வாளியைவிட மையத் தொலைவு கூடினால், லிங்க் தள்ளும் புள்ளி சுழல் மையத்திலிருந்து விலகுகிறது. அதே சிலிண்டர் வீச்சுக்கு வாளி குறைந்த கோணமே சுழலும். தோண்டும் விசை சற்றுக் கூடினாலும், வாளி முழுமையாகச் சுருளாது. அள்ளிய மண் தூக்கும்போதே சிந்தும். குறைந்தால் நிலைமை மோசமானது. வாளி தேவைக்கு மேல் சுழன்று, சிலிண்டரின் வீச்சு முடியும் முன்பே அதன் முதுகு ஆர்மின் அடிப்பகுதியில் மோதும். அப்போது சிலிண்டரின் முழு விசையும் மண்ணில் அன்றி ஆர்மின் தகட்டில் இறங்குகிறது. ஆர்மின் அடித்தகட்டில் காணப்படும் பள்ளங்களும் வெடிப்புகளும் பல வேளைகளில் இவ்வாறு தோன்றியவையே.

மையத் தொலைவு சரியாக இருந்தும் வாளி ஒழுங்காக இயங்காத நிலையும் உண்டு. பின் துளைகளை இணைக்கும் கோட்டுக்கும் பல் நுனியை நோக்கிய கோட்டுக்கும் இடையிலான கோணம் இதற்குக் காரணம். இக்கோணம் மாறினால் வாளியின் சுழற்சி எல்லை முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஒரு திசையில் மிகுதியாகவும் மறு திசையில் குறைவாகவும் திரும்பும். விற்பனைப் பட்டியல்களில் விட்டம், அகலம், மையத் தொலைவு ஆகிய மூன்றும் கிடைக்கும். இக்கோணம் அரிதாகவே தரப்படும். பழைய வாளியின் காதினை அட்டையில் படியெடுத்துப் புதிய வாளியின் மீது வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

நுனி ஆரம், எடை, கொள்ளளவு

சுழல் பின்னின் மையத்திலிருந்து பல் நுனி வரையிலான தொலைவு நுனி ஆரம் எனப்படும். சிலிண்டர் தரும் திருப்புத்திறன் மாறாதிருக்க, பல் நுனியில் கிடைக்கும் விசை நுனி ஆரத்துக்கு நேர்மாறானது. 1450 மி.மீ. ஆரமுள்ள வாளிக்குப் பதில் 1600 மி.மீ. ஆரமுள்ள வாளியை மாட்டினால் விசை ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். மென்மண்ணில் இது பொருட்டன்று. செம்பாறையில் இதுவே வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

கொள்ளளவை ஒப்பிடும்போது அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதை நோக்க வேண்டும். ஐஎஸ்ஓ 7451 தரத்தின்படி வாளியின் விளிம்புக்கு மேல் குவியும் மண் ஒன்றுக்கு ஒன்று என்ற சரிவில் நிற்பதாகக் கொள்ளப்படும். ஐரோப்பிய உற்பத்தியாளர் குழுவின் சிஇசிஇ முறை இரண்டுக்கு ஒன்று என்ற தாழ்ந்த சரிவைக் கொள்கிறது. ஆகவே ஒரே வாளிக்குப் பிந்தைய முறை குறைந்த எண்ணையே தரும்.

பெரிய வாளி விரைவாக வேலை முடிக்கும் என்ற எண்ணம் பரவலானது; ஆனால் பொறியின் கவிழ்வு எல்லையை அது கருதுவதில்லை. 0.9 கன மீட்டர் வாளி கன மீட்டருக்கு 1.7 டன் எடையுள்ள மண்ணை அள்ளினால் மண் 1.53 டன், வாளியின் எடை 0.75 டன் எனில் மொத்தம் 2.28 டன். அதே பொறியில் 0.95 டன் எடையுள்ள 1.2 கன மீட்டர் வாளியை மாட்டினால் மொத்தம் 2.99 டன் ஆகும். இக்கூடுதல் சுமை பொறியின் மிகத் தொலைவான முனையில் தொங்குகிறது. ஐஎஸ்ஓ 10567 தரத்தின்படி, கவிழ்க்கும் சுமையின் 75 விழுக்காடு, ஹைட்ராலிக் தூக்குதிறனின் 87 விழுக்காடு ஆகிய இரண்டில் குறைந்ததே பொறியின் தூக்கு எல்லையாகும். பொறியுடன் தரப்படும் தூக்கு அட்டவணையில் வாளியின் எடை சேர்க்கப்பட்டுள்ளதா என்பது அடிக்குறிப்பில் இருக்கும்; அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுப்பது ஆபத்தானது.

விரைவு இணைப்பான்கள்

பின்களைத் தட்டிக் கழற்றாமலே வாளியை மாற்ற உதவும் இடைக்கருவி விரைவு இணைப்பான் அல்லது குயிக் கப்ளர் எனப்படும். ஒரு வகை வாளியின் வழக்கமான பின்களையே பற்றிக்கொள்ளும். குறிப்பிட்ட வரம்புக்குள் வெவ்வேறு மையத் தொலைவுகளை ஏற்கும். மற்றொரு வகைக்கு அதற்கெனவே செய்த காதுகள் வேண்டும். இணைப்பான் தன் எடையையும் உயரத்தையும் சேர்ப்பதால், நுனி ஆரம் கூடித் தூக்குதிறன் குறைகிறது.

அளவுத் தரம் உண்மையிலேயே வேரூன்றிய இடம் சுவீடனும் அதன் அண்டை நாடுகளும் ஆகும். அங்கு வழங்கும் எஸ் வரிசையில் எண்ணே பின்னின் விட்டம். எஸ்40 என்றால் 40 மி.மீ. பின், 300 மி.மீ. மையத் தொலைவு, எஸ்60 என்றால் 480 மி.மீ.; எஸ்70 என்றால் 600 மி.மீ. இவ்விணைப்பு சமச்சீரானது, வாளியை முன்பின்னாகத் திருப்பியும் மாட்டலாம். நிறுவனப் பெயரைக் கேட்காமல் "எஸ்60 வாளி" என்று கேட்டு வாங்க இயல்வது இதன் பயன். இங்கும் கவனம் வேண்டியுள்ளது: எஸ்45, எஸ்50 இரண்டுக்கும் மையத் தொலைவு 430 மி.மீ. தான், பின்னின் விட்டம் வேறு.

பொருந்தாத வாளி இணைப்பானில் அரைகுறையாகப் பற்றி நிற்பதும், பின்னர் கழன்று கீழே நிற்பவர் மீது விழுவதும் பல நாடுகளில் உயிரிழப்புகளுக்குக் காரணமாயின. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு நிருவாகம் 2005 இல் இது குறித்து எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து கையால் காப்புப் பின்னைச் செருக வேண்டிய அரைத் தானியங்கி இணைப்பான்களில் அப்பின் செருகப்படாமல் விடப்பட்டதே பல விபத்துகளின் மூலம். ஐக்கிய இராச்சியத்தில் இவ்வகையைப் புதிதாக வழங்குவது 2008 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. இணைப்பான்களின் பாதுகாப்புக்கென ஐஎஸ்ஓ 13031 தரம் 2016 இல் வெளியானது.

பொருந்தாத வாளியை மாற்றியமைத்தல்

துளை பின்னைவிடப் பெரிதாயின் உள்ளே புஷ் செருகிச் சரிசெய்யலாம். துளை சிறிதாயின் அதைக் கடைந்து பெரிதாக்க இயலும். ஆனால் துளைக்கும் காதின் விளிம்புக்கும் இடையே எஞ்சும் எஃகு குறைவதால், சில மில்லிமீட்டருக்கு மேல் செல்வது அறிவுடைமையன்று. தேய்ந்த துளைகளைப் பற்றவைப்பால் நிரப்பி, இரு காதுகளையும் ஒரே அச்சில் கடைதல் வேண்டும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே கடைந்தால் பின் சாய்வாக அமர்ந்து, புதிய புஷ்ஷும் சில வாரங்களில் தேயும்.

விட்டம், அகலம், மையத் தொலைவு மூன்றும் பொருந்தாதபோது பழைய காதுகளை வெட்டியெடுத்து, பொறியின் அளவுக்குச் செய்த புதிய காதுகளைப் பற்றவைப்பது வழக்கிலுள்ள தீர்வு. இதற்கு ஆகும் செலவைப் பயன்படுத்திய வாளியின் விலையுடன் கூட்டிப் பார்த்த பின்னரே வாங்குவது நல்லது. சுமையேறும் பற்றவைப்பு ஆகையால் தகடு முன்சூடேற்றப்பட வேண்டும்; வேலை முடிந்தபின் வெடிப்பு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். மாற்றப்பட்ட வாளியை முதன்முறை மாட்டும்போது, ஆள்களை அப்பால் நிறுத்தி, வெற்று வாளியை மெதுவாக இரு எல்லைகள் வரையும் சுழற்றி, முதுகு ஆர்மில் முட்டவில்லை என்பதையும் லிங்க் காதில் உரசவில்லை என்பதையும் பார்த்துக்கொள்வர்.