கப்பல் வழி வந்த குடி

இத்தீவுகளை நம் முன்னோர் நெடுங்காலமாக அறிவர்; இராசேந்திர சோழனது மெய்க்கீர்த்தியிலேயே மாநக்கவாரம் இடம்பெற்றுள்ளது. 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து 200 கைதிகளுடன் கப்பல் வந்தடைந்தபின், கடல் கடத்தலாகாதென்ற பழைய அச்சத்தோடு சிறையச்சமும் சேர்ந்தது. 1911-இல் சாவர்க்கரை ஏற்றிய 'மகாராஜா' கப்பல் புறப்பட்டது நம் சென்னைத் துறையிலிருந்தே.

விடுதலைக்குப் பின் அதே துறையில் நம்மவர் பிழைப்பு நாடித் தாமே கப்பலேறினர். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாட்பயணம். 'பங்க்' வகுப்பில் அடுக்குப் படுக்கைகள். பழகியவர் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்ப்படுக்கையையே நாடுவர். அங்கு ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. தலை சுற்றினால் மேல்தளத்தில் நின்று தொடுவானத்தை நோக்குதல் நன்று. முதல்நாள் புளியோதரை, மறுநாள் அவல், எந்நாளும் எலுமிச்சம்பழம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கைக்குழந்தையுடன் புறப்படுவதை, நம்மைக் கேட்டால், தவிர்த்தலே தக்கது.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெற்றோர் மறைந்த தந்தி வந்தால், அடுத்த கப்பல் என்றைக்கு என்பதே அந்நாளில் முதற்கேள்வி. பதினாறாம் நாளுக்கேனும் ஊர் சேர்ந்தவரைப் பேறுடையார் என்றனர். இன்று வானூர்தி மூன்று மணிக்குள் சென்னை சேர்க்கின்றது. எனினும் தட்டுமுட்டுச் சாமான்களுடன் ஊர் செல்லும் குடும்பங்கள் இன்றும் கப்பலுக்கே சீட்டு எடுக்கின்றன.