குழலும் குண்டும்: 1857-ன் ஓர் அளவுக் கணக்கு

கல்கத்தாவாசிகளான நமக்கு டம்டம் என்றாலே விமான நிலையம்தான். ஒருநாள் டம்டம் தாண்டிப் பாரக்பூருக்கு ரயிலில் போகையில் என் மகள் கேட்டாள்: "தோட்டாவில கொழுப்பு தடவினாங்கன்னு பாடத்துல இருக்கு. அதை எதுக்குப்பா தடவணும்?" விழித்தேன். பிறகு தேடிப் படித்ததை இங்கே சொல்கிறேன்.

குழலின் உள்ளே சுழல்வரி வெட்டினால் குண்டு சுழன்று, குறி தவறாமல் பாயும். வரியைப் பற்றக் குண்டு இறுக்கமாக இருக்கணும். குழல் வாய்வழியே இறங்கத் தளர்வாக இருக்கணும். இந்தச் சிக்கலை 1849-ல் பிரான்சின் மினியே தீர்த்தார். அடி குழிந்த ஈயக் குண்டு, மருந்து வெடித்ததும் விரிந்து வரியைக் கவ்விக்கொள்ளும்.

1853 மாதிரி என்ஃபீல்டில் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடைவெளி 0.009 அங்குலம்தான்! குண்டைச் சுற்றிய காகிதமும் அதற்குள் அடங்கணும். சில தடவை சுட்டாலே கரி படிந்து குண்டு இறங்காது. அதற்குத்தான் கொழுப்பு.

1857 ஜனவரியில், அது பசு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு டம்டமில் கிளம்பியது. தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியவர் சிப்பாய். மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தினார்.

நம் ஊர் வெயிலில் மசகு உருகி, ஆங்கிலத் துருப்புகளே குண்டை இறக்க முடியாமல் திண்டாடினார்கள். 1859-ல் குண்டை 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். அடிக்குழியில் செருகிய மர ஆப்பு அதை விரித்தது.

கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அளந்தவர்கள், கடிக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்கு இதைத்தான் சொன்னேன்.