1967 தேர்தலும் புதிய வாக்காளர் தலைமுறையும்

சென்னை மாநிலத்தில் 1967-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆட்சி மாற்றத்தை விளக்க முற்படுவோர், காமராசர் திறந்த பள்ளிகளில் பயின்ற தலைமுறையே அவரைத் தோற்கடித்தது என்று கூறுவதுண்டு. சுவையான முரண்தான், எனினும் காலக்கணக்கு அதற்கு இடந்தருவதில்லை. மதிய உணவுத் திட்டம் 1956-இல் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டில் ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 1967-இல் வயது பதினேழு. வாக்குரிமை வயதோ அன்று 21; அது 18 ஆகக் குறைந்தது 1989-இல்தான்.

1962 தேர்தலுக்குப்பின் புதிதாக வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 1941 முதல் 1945 வரை பிறந்தவர்கள். இராஜாஜி 1953-இல் கொணர்ந்து, எதிர்ப்பாளர்களால் ‘குலக்கல்வி’ எனப்பட்ட திட்டத்தின்போது இவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். 1965 சனவரியில் மதுரையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டபோது இருபதை ஒட்டிய இளைஞர்கள். இத்தலைமுறையின் அரசியல் உணர்வுக்கு மொழிப் போராட்டமே அண்மைக் காரணம் எனக் கொள்வது பொருந்தும். அதே இராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு 1967-இல் தி.மு.க. கூட்டுச் சேர்ந்தது என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும்: குழந்தைப் பருவ அனுபவம் வாக்கை நேரே தீர்மானிப்பதில்லை.

மேலும், 1965-இல் பத்தொன்பது வயது நிரம்பாத மாணவர் எவரும் 1967-இல் வாக்களித்திருக்க இயலாது. அவர்தம் பங்கு வாக்காளர் என்ற நிலையில் அன்று, வாக்குச் சேகரிப்போர் என்ற நிலையிலேயே அமைந்தது. விருதுநகரில் காமராசரை வென்ற பெ. சீனிவாசன் மாணவர் போராட்டத் தலைவர்களுள் ஒருவர். வாக்கு வேறுபாடு 1,285 மட்டுமே. இத்துணைச் சிறிய வேறுபாட்டில் வீடுவீடாகச் சென்ற இளைஞரின் உழைப்பைப் புறக்கணித்தல் அரிது.

ஆயினும் மாநில அளவில் முழு வெற்றியையும் இளைஞர்க்கே உரிமையாக்குதல் மிகைக்கூற்று. 1962-இல் 46 விழுக்காடாக இருந்த காங்கிரசு வாக்கு, 1967-இல் 41 ஆகவே குறைந்தது. 174 தொகுதிகளில் மட்டும் போட்டியிட்ட தி.மு.க. பெற்றதும் ஏறத்தாழ அதே அளவு. நுணுகிக் கணக்கிடின் சற்றுக் குறைவு. எதிர்க்கட்சி வாக்குகள் சிதறாமற் காத்த கூட்டணியும் அரிசித் தட்டுப்பாடும் எல்லா வயதினரிடையேயும் வினைபுரிந்தவை. வாக்குகள் வயதுவாரியாக எண்ணப்படுவதில்லை ஆதலின், தலைமுறைக் காரணத்தை இவற்றினின்று பிரித்தளக்கத் தேர்தல் முடிவுகள் மட்டும் போதா.

தொடக்க வகுப்புகளில் மதிய உணவு பெற்று வளர்ந்தோர் பெருந்தொகையினராக முதன்முதல் வாக்களித்தது 1971-இல். அத்தேர்தலில் தி.மு.க. 184 இடங்களையும், காமராசரின் நிறுவனக் காங்கிரசு 15 இடங்களையும் பெற்றன. முரணை நாடுவோர் ஆராயவேண்டிய தேர்தல் அதுவே.